வீரம்மாவின் சத்தம்

முதலில் கையைத் துடைக்க வேண்டும். அதற்கு ஒரு புள்ளி.

பிறகு சிரிக்க வேண்டும். அதற்கும் ஒரு புள்ளி.

ஸுமைரா போத்தலை அமுக்கிக் கையைத் துடைத்தாள். கட்டிலில் கிடந்த வீரம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். மேசைக்கு அப்பால் மகேந்திரராசா சேர் புள்ளித்தாளில் இரண்டு சரி போட்டார்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடி, ஞாயிறு காலை. வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வந்து, இங்கே டொக்டராகப் பதிவதற்கான பரீட்சையில் கோட்டை விட்டவர்களுக்கு சேர் வகுப்பு நடத்துகிறார். ஸுமைரா இரண்டு முறை கோட்டை விட்டவள். மூன்றாவது முறையும் போனால் வீட்டில் முகம் காட்ட முடியாது. அலவத்துகொடையில் தெருவே அவளை டொக்டர் என்று கூப்பிடுகிறது. ஒரு இருமல் மருந்து எழுதிக் கையெழுத்துப் போட அவளுக்கு உரிமை கிடையாது.

இரண்டு முறையும் அவளைக் கவிழ்த்தது ஒரே நோய்தான். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போனால் உள்ளே தாழ்ந்த குரலில் ஏதோ உருளும். மற்றவர்களுக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை.

ஹுன்னஸ்கிரியவில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வீரம்மா வகுப்புக்கு நோயாளியாகப் படுக்க வருகிறவள். அவள் நெஞ்சில் அந்தச் சத்தம் அச்சுப் பிசகாமல் இருந்தது. கண்டி முழுக்கத் தேடினாலும் இப்படி ஒன்று அகப்படாது என்று சேர் நாக்கைச் சப்புக்கொட்டிச் சொல்வார், நல்ல மாம்பழத்தைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி. வால்வை விரித்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வாள், ஆனால் சத்தம் அன்றைக்கே போய்விடும் என்றும் சொல்வார். இரண்டாவதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் வாடும்.

ஸுமைராவுக்குக் குமட்டும்.

குமட்டுவதற்கு அந்த அறையில் குறைவே இல்லை. ஒன்பது பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, அதே நெஞ்சில், அதே இடத்தில் குளிர்ந்த வட்டத்தை வைக்கிறார்கள். ஒன்பது பேரும் அனுமதி கேட்பது ஒரே வசனத்தில். பதிலுக்கு ஒருவரும் காத்திருப்பதில்லை, கேட்டதற்குத்தான் புள்ளி. முந்திய காலத்தில் பரீட்சகர் எதிரே உட்கார்ந்து, குறுக்குக் கேள்வி கேட்டே ஆளைப் பிழிந்துவிடுவாராம். இப்போது தாள், தாளில் கட்டங்கள். இந்தப் பெண் இரவில் படுத்துத் தூங்குகிறாளா என்று கேட்க ஒரு கட்டம் இல்லை.

கட்டிலுக்குக் கீழே வீரம்மாவின் நீலத் துணிப்பை இருந்தது. ஸுமைரா அந்தப் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவில்லை.

சொல்வதற்கு முன்பே வீரம்மா இடப்பக்கம் சரிந்து, மூச்சை விட்டு அடக்கிக்கொண்டாள். எல்லாம் பழகிப் போயிருந்தது.

ஆனால் இன்றைக்கு மூச்சு அடங்கவில்லை. இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. ஸுமைரா ஸ்டெத்தை முதுகில் வைத்தாள். அடிப்பக்கம் அடுப்பில் உப்புப் போட்டாற்போல் பொரிந்தது. காலை அமுக்கினாள். விரல் பட்ட இடத்தில் குழி அப்படியே நின்றது. போன மாதம் இந்த வீக்கம் இருக்கவில்லை.

"இவங்கட நெஞ்சில தண்ணி ஏறீக்கி சேர். இன்டைக்கே வாட்டில போடோணும்."

சேர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது தாளில இல்லைப் பிள்ளை. நீர் சத்தத்தை மட்டும் சொல்லும்."

இவரெல்லாம் ஒரு மனிதரா என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் டொக்டராகக் கிடந்த மனிதர். என்றாலும் ஸ்டெத்தை நெஞ்சுக்கு மாற்றினாள். இந்த நெஞ்சிலேயே கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம், வாய் தானாகத் திறந்தது. சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த வால்வு, எவ்வளவு சுருக்கம். ஒரு சொல் பிசகவில்லை. இருபதுக்கு இருபது. இந்த முறை பாஸ்தான் என்று சேர் தாளைத் தட்டினார். அந்த அருவருப்புக்கு நடுவிலும் ஸுமைராவின் வயிற்றுக்குள் சந்தோஷம் ஒன்று குதித்தது.

எல்லோரும் பிளேன்டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். அவளும் போயிருப்பாள். வீரம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

எழுந்து உட்காரவே அவளுக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கியது. குனிந்து நீலப் பையை இழுத்து, நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்தாள். பெரியாஸ்பத்திரிக் கடிதம், முழுக்கச் சிங்களத்தில்.

"போன மாசம் வந்த கடுதாசியயும் நீங்கதானே டொக்டரம்மா வாசிச்சு சொன்னீங்க, ஒப்பரேசனுக்கு இன்னும் தேதி போடலன்னு. இப்ப இன்னொன்னு அனுப்பியிருக்காங்க. தோட்டத்துல கிளாக்கரய்யா வாசிச்சுத் தாரேன்னாரு. எங்க டொக்டரம்மா இருக்கப்ப நீங்க எதுக்குன்னுட்டேன்."

ஸுமைரா கடிதத்தை விரித்தாள். சென்ற மாதம் ஏழாம் திகதி சத்திரசிகிச்சைக்கு நீங்கள் சமுகமளிக்கவில்லை என்று முதல் வரியிலேயே இருந்தது. இனியும் தாமதித்தால் உயிருக்கு ஆபத்து, உடனே வரவும் என்று அடுத்த வரியில்.

அந்த ஏழாம் திகதி போன மாதக் கடிதத்திலும் இருந்தது, அவள்தான் அதை வாசித்துச் சொல்லவில்லை. இரண்டு தரம் வாசித்தாள். வீரம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சைக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

ஸுமைரா கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். பிறகு வீரம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.