தமயந்தியின் சிரிப்பு

இறந்தவர்களின் அசையாத படத்துக்கு இப்போது யார் வீட்டிலும் மாலை போடுவதில்லை; படம் அசைந்து சிரிக்க வேண்டும். என் மனைவி தமயந்தி, தெற்றுப்பல்லுக்கு வெட்கப்பட்டுப் படமே எடுக்கவிடாதவள். இருந்த ஒரே படத்திலும் வாயைக் கையால் மறைத்துச் சிரித்தாள். மகள் கைக்குழந்தையாக இருக்கையிலேயே அவள் போன பின், அதைப் படங்களை அசைய வைக்கும் இலவச மென்பொருளில் ஏற்றினேன். அது கையை இறக்கி, வரிசையான பற்களை வரைந்து, அவளைச் சிரிக்க வைத்தது. பழைய படத்தின் மேலேயே அதைச் சேமித்தும் தொலைத்தேன்.

பதினான்கு வயதில் மகள் மதுரா தன் தெற்றுப்பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும் என்றாள்.

“அம்மாவுக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு.”

“கதை விடாதீங்கப்பா. அங்க பாருங்க, எப்படிச் சிரிக்கிறாங்க!”

காட்டுவதற்கு என்னிடம் வேறு படம் இல்லை. மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

திரும்பி வந்ததும், வாயில் பஞ்சோடு படத்தின் அருகில் நின்றாள்.

“இப்ப அம்மா மாதிரி இருக்கேனாப்பா?”

“அப்படியே உரிச்சு வச்சிருக்கம்மா” என்றேன்.