ஆத்தாவுக்குத் தெரியாமல்

கணவன் சுரேஷ்கண்ணன் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருக்கிறான் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அனுசுயா அரிசி டிரம்முக்குள் கைவிட்டு அந்த மருந்து பாட்டிலை எடுத்தாள். மகளின் பாலில் அரை மூடி ஊற்றிக் கலக்கினாள்.

ஐந்து வயது வேல்விழிக்கு மலம் கல்லாக இறுகிவிடும். குடல் பழகும்வரை மருந்தை நிறுத்தவே கூடாது என்று தேனி டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? வருஷக்கணக்கில் பேதி மருந்து கொடுத்தால் குடல் செத்துப்போகும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள்.

வீரபாண்டி அம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்ட அன்று சுரேஷ்கண்ணன் அதற்குத் தண்ணீர் ஊற்றி, இனி மருந்தில்லை, பிள்ளை ஆத்தா பொறுப்பு என்று சத்தியம் செய்தான். வீட்டிலிருந்த பாட்டிலை வாய்க்காலில் எறிந்தான்.

சில நாளிலேயே கழிப்பறையில் பிள்ளை கத்திய கத்தல் தாங்காமல் அவன் தோட்டத்துக்கு ஓடினான். அனுசுயா மெடிக்கலுக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலத்திலிருந்து அவன் திராட்சை ஜூஸ் போட்டுத் தன் கையாலேயே மகளுக்குப் புகட்டத் தொடங்கினான். அதுவரை பிள்ளையின் டம்ளர் எதுவென்றுகூட அறியாதவன். இப்போதாவது பாசம் பொங்கியதே என்று அனுசுயா நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைக்கு முதலில் இளகியது. பிறகு நிற்கவே இல்லை. இரண்டு நாளாகத் தண்ணீராகப் போய், கண் குழி விழுந்துவிட்டது. மருந்தைப் பாதியாகக் குறைத்தும் கேட்கவில்லை. பார்வை போன ராஜாவுக்கே கண் கொடுத்தவள் ஆத்தா என்பார்கள். அவளுக்கு அரிசி டிரம்முக்குள் இருப்பது தெரியாதா? கண்ணை மூடினால் அம்மனின் விழி மட்டுமே அனுசுயாவுக்குத் தெரிந்தது. பயத்தில் தூக்கம் போயிற்று.

மறுநாள் காலை கோயில் வரிசையில் பிள்ளை அவள் தோளில் துவண்டு கிடந்தது. கம்பம் கண்ணில் பட்டதும் அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"என்னைய மன்னிச்சிருங்க. நீங்க சத்தியம் பண்ணியும் நான் தெனம் பால்ல மருந்து ஊத்திக் குடுத்துட்டுத்தேன் இருந்தேன். அதேன் ஆத்தா புள்ளையப் போட்டு வதைக்கிது."

சுரேஷ்கண்ணன் மகளின் ஒட்டிய கன்னத்தையே பார்த்தான். கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் அவன் காலிலேயே கொட்டியது.

"அப்ப... ஜூஸ்ல நான் ஊத்துனது?"