இலவங்கட்டை செய்த உதவி

ஒரு காட்டில் குளம் வற்றிப்போனது. கரடிகளெல்லாம் மலைக்கு அப்பால் ஓடும் ஆற்றுக்குக் கிளம்பின. ஒரு கரடியால் மட்டும் எழுந்திருக்கவே முடியவில்லை. முந்தின நாள் முழுக்கத் தேனுக்காக மரம் மரமாக ஏறியதில் அதன் தொடை கல்லாய் இறுகிப்போயிருந்தது. "நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வர்றேன்" என்று மற்றவர்களை அனுப்பிவிட்டு, தனியாக உட்கார்ந்து அழுதது.

பக்கத்தில் ஓர் இலவங்கட்டை, இலவமரத்தின் மெத்தென்ற உருளைத் துண்டு, கிடந்தது. "தொடையை என் மேல வச்சு, முன்னும் பின்னும் உருண்டு பாரேன்" என்றது அது.

கரடி உருண்டது. "ஐயோ, கொல்றியே பாவி!" என்று அலறியது.

"வலிக்கிற இடத்துல கொஞ்சம் நில்லு. மூச்சை நல்லா இழுத்து விடு. அப்புறம் மெதுவா உருளு."

கரடி திட்டிக்கொண்டேதான் செய்தது. போகப் போகத் தொடை இளகியது. எழுந்து நாலு எட்டு வைத்தது. கால் சொன்னபடி கேட்டது! சந்தோஷமாகத் திரும்பியபோதுதான் கவனித்தது: தன் பாரம் பட்ட இடமெல்லாம் அந்த மெத்தென்ற கட்டை நசுங்கிக் குழிந்திருந்தது.

"அடடா, உனக்கும் வலிச்சுதா?"

"வலிச்சுது. ஆனா உன் தொடை இளகுறது எனக்குத் தெரிஞ்சுது. அதான் பொறுத்துக்கிட்டேன்."

கரடி கட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது.

"மலை ஏறணுமே, நான் எதுக்கு உனக்குச் சுமை?"

"நீயா சுமை? ஆத்துத் தண்ணியில ஊறினா உன் குழியெல்லாம் உப்பி மேல வந்துடும். கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கரடி மலையேறத் தொடங்கியது.