சேர்த்துக் கொடுத்த மாத்திரை

ரத்த அழுத்தம் இறங்கினால்தான் மறுபடி ரயில் ஓட்டலாம் என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று மாதமாக அலுவலக நாற்காலியில்தான் வேலை. இன்று கடைசிப் பரிசோதனை. கணவனும் மனைவியும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"பிரஷர் மாத்திரை அதேதான். கூடச் சேர்த்த, நீர் பிரியறதுக்கான மாத்திரையை மட்டும்தான் மாத்தினேன். பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியுதா?" என்று கேட்டார் டாக்டர்.

மனைவி வாயைத் திறப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான்.

"மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் டாக்டர்! பழசுல கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். பாதித் தூக்கத்துல எழுந்து உட்கார்ந்து தேய்ச்சுத் தேய்ச்சு என் கையே ஓய்ஞ்சு போச்சு. இப்பதான் நிம்மதியாத் தூங்குறேன்."

"தலைசுத்தல்?"

"துளிகூட இல்லை."

"ரத்தத்துல பொட்டாசியமும் சரியாயிடுச்சு. சிலருக்குப் பழசு ஒத்துக்கும், சிலருக்குப் புதுசு. சரி, பிரஷரைப் பார்த்துடலாம்."

கணவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் பட்டையை எடுத்து மனைவியின் கையில் சுற்றினார்.

"கால் என்னுது டாக்டர், வலி மட்டும் இவருக்கு!" என்று சிரித்தாள் அவள்.

"நூத்தி இருபத்திநாலுக்கு எழுபத்தெட்டு! திங்கட்கிழமையிலேருந்து நீங்க ரயில் ஓட்டலாம்மா."

கணவன் துள்ளி எழுந்தான். "முதல் வண்டியில நான் ஏறிடுவேன்!"

"தாராளமா ஏறுங்க. ஆனா டிக்கெட் எடுத்துட்டு ஏறுங்க," என்றாள் ரயில் ஓட்டுநர்.