சரியாகாத போன்

“கொரட்டி, ஒன் மக இன்னைக்கும் அந்தப் போன் கடையிலதான் நிக்குது.”

ஹாலிஎல பஜாருக்குப் போய்விட்டுத் தோட்டத்து லயத்துக்குத் திரும்பிய பக்கத்துக் காம்பரா ஜெயலெட்சுமி, பையைக்கூட இறக்காமல் சொன்னாள்.

மரியகொரட்டிக்கு அடுப்பு ஊதிக்கொண்டிருந்த மூச்சு நின்றது.

“போன் இன்னும் சரியாகலையாம் அக்கா. அதைக் கேக்கத்தான் போயிருப்பா.”

“ஒரு கண்ணாடி மாத்த இத்தன நாளா? எம் மவன் போனை அதே கடைக்கார நானா நின்ன நெலையில மாத்திக் குடுத்தாரே! ஒன்னைய மட்டும் ஏன் இழுத்தடிக்கிறாரு? ரிப்பேருக்குக் குடுத்த போன்ல இருந்து பொம்பளப் பிள்ளைங்க போட்டோவ எல்லாம் எடுத்துருவாங்களாம். அப்புறம் அதைக் காட்டி மிரட்டுவாங்களாம். எதுக்கும் பாத்துக்க.”

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பயம் மட்டும் போகவில்லை.

போன மாதம் கீழ்த் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதுவும் போனால் வந்த வினைதான். அதனால்தான் ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் கையெழுத்து வாங்கினார்கள். சிகரெட் பெட்டியில் போடுவது போல, சின்னப் பிள்ளைகள் போனில் பாட்டும் படமும் போட்டுப் பார்க்கிற இடங்களிலும் ‘இது உங்கள் மனதைக் கெடுக்கும்’ என்று எச்சரிக்கை போடச் சொல்லி அரசாங்கத்துக்கு ஒரு மனு. முதல் கையெழுத்து மரியகொரட்டியுடையது.

இருட்டுவதற்குள் மகள் றொஷேல் வந்தாள். பதினைந்து வயது. வந்ததும் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

“எங்க போன?”

“போன் சரியாயிருச்சான்னு கேக்க...”

“நானா என்ன சொன்னாரு?”

“இன்னும் இல்லையாம்.” நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

“மாதா திருநாளுக்குள்ள வந்துரணும் கண்ணு. நீ பாட்டுப் பாடிப் போடணும்ல? போன பாட்டை எத்தன பேரு பாத்தாங்க! கட்டார்ல அப்பா கூட வேல செய்றவங்களுக்கெல்லாம் காட்டுனாராம்.”

றொஷேல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

“பசிக்கலம்மா.”

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். யாரிடமோ மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. அன்றைக்கு ஜெபமாலை சொல்லும்போது மரியகொரட்டிக்கு மணி எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பஸ் ஏறினாள். ஜெபமாலையைக் கைக்குள் பொத்திக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள்.

கடைக்கார பஸீல் நானா குனிந்து ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி ஸுபைரா.

“நானா, எம் மக றொஷேல் போனைக் குடுங்க. ஒடஞ்சபடியே குடுங்க. இனிமே அவ இங்க வர மாட்டா.”

பஸீல் மனைவியைப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியை இழுத்துப் போனை எடுத்து வைத்தார். புதுக் கண்ணாடி. தொட்டதும் வெளிச்சம் வந்தது.

“குடுத்த அன்னைக்கே சரியாயிருச்சுங்க.”

“அப்ப ஏன் பொய் சொன்னீங்க?” மரியகொரட்டி மேசைக்கு நெருங்கி வந்தாள். “பொம்பளப் பிள்ள போன் நானா... என்னத்த எடுத்து வச்சிருக்கீங்க? ஒங்களுக்கும் பிள்ளைங்க இருக்குல்ல?”

“அவரு ஒண்ணும் எடுக்கல அக்கா,” ஸுபைரா எழுந்து வந்தாள். “ஒங்க மகதான் எங்கிட்டக் காட்டுச்சு. நீங்களும் பாருங்க.”

றொஷேல் பாடிய பாட்டு. அதன் கீழே எழுதியிருந்ததை ஸுபைரா தள்ளித் தள்ளிக் காட்டினாள். மரியகொரட்டி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் ஒவ்வொன்றும் மெதுவாகக் குத்தியது.

‘தோட்டத்து மூஞ்சி.’

‘பல்லை மூடிக்கிட்டுப் பாடு.’

‘நீயெல்லாம் செத்துப் போ.’ அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள்.

“இதெல்லாம் நீங்க பாக்கவே இல்லையாக்கா?”

“எத்தன பேரு பாத்தாங்கன்னு... அத மட்டுந்தான்...” என்றாள் மரியகொரட்டி.

“கை நழுவி விழுந்த போன் இப்பிடி ஒடையாதுங்க,” என்றார் பஸீல். “கல்லால குத்தியிருக்கு. கேட்டதும் அழுதுருச்சு. ‘சரியாக்கிராதீங்க நானா, கையில இருந்தா திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன், என்னால விட முடியல’ன்னுச்சு. அன்னையில இருந்துதான் இவளையும் கடையில ஒக்கார வச்சேன்.”

“ஸ்கூல் விட்டா வரும்,” என்றாள் ஸுபைரா. “‘அம்மா வந்து கேட்டா இன்னும் சரியாகலன்னே சொல்லுங்க’ன்னு கெஞ்சும். எம் பக்கத்துல ஒக்காந்து ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போகும்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, எம் பிள்ள...”

“சொல்லு சொல்லுன்னுதான் நானும் தெனம் சொல்றேன். ‘பாட மாட்டேன்னா அம்மா மொகம் வாடிரும்’னு சொல்லுது. இந்த வாரமும் அது சொல்லலன்னா நானே லயத்துக்கு வந்திருப்பேன் அக்கா.”

மரியகொரட்டி ஜெபமாலையோடு சேர்த்து ஸுபைராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தள்ளி வைத்த தட்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எச்சரிக்கை வேண்டும் என்று முதலில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அந்த எச்சரிக்கை வீட்டுக்குள்ளேயே, தினமும், அவள் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

அன்று சாயந்தரம் றொஷேல் ஓடி வந்தாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது.

“கடைக்குப் போனீங்களாம்மா?”

“ஆமா கண்ணு.”

“போன்... சரியாயிருச்சா?”

மரியகொரட்டி சோற்றைப் போட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னும் இல்ல. சரியாக்க வேணாம்னு நானாகிட்ட நானும் சொல்லிட்டு வந்துட்டேன்.”