திரையில் வந்த விருந்தாளி

“விருந்தாளி வந்து உட்கார்ந்திருக்காங்க. வரவேற்புரை இல்லாம பரீட்சையா? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

மேலுக்குத் தேங்காயெண்ணெய் பூசி, சபையில் பேசுகிறவர்களுக்கே உரிய தென்னை நார்ச் சாமரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, மகள் லோசாவின் செல்போனுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார் சேயுமாலோ.

விருந்தாளி என்று அவர் சொன்னது ஆசிரியை ஜில்லியனை. அந்த அம்மாள் இருந்தது பிரிஸ்பேனில். இங்கே வந்து உட்கார்ந்திருந்தது செல்போன் திரையில்.

சவாயி தீவில் தன் ஊருக்காகச் சபையில் பேசுகிற தலைவர் சேயுமாலோ. கல்யாணமோ, சாவோ, தேவாலயத்துக்குப் புதுக் கூரையோ, அவர் பேசி முடிக்கும்வரை யாரும் இலையில் கை வைக்க முடியாது. பன்றிக்கறி ஆறி, சூடாகி, மறுபடி ஆறிப்போன கதைகள் ஊரில் உண்டு. அவற்றையும் அவரே பெருமையாகச் சொல்வார்.

மகள் ஆன்லைனில் வணிக நிர்வாக டிப்ளமா படிப்பதையும் அப்படித்தான் கடற்கரை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. நிர்வாகம் தங்கள் ரத்தத்திலேயே ஓடுகிறது, வெள்ளைக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்பது அவர் கட்சி.

இன்று கடைசித் தேர்வு. செய்முறைத் தேர்வு. தேறினால் படகுத்துறை அலுவலகத்தில் லோசா மேலாளர். தேறாவிட்டால் இப்போதுபோல அங்கே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான். ஜில்லியன் ஒதுக்கியிருந்தது அரை மணி நேரம்.

மூலையில் சேம்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்த எசெதா, பெண்ணின் பரீட்சை முடியட்டும் என்று கணவருக்கு ஜாடை காட்டினாள். ஜாடையைக் கவனிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

லோசா தடுக்கவில்லை. “உங்களை விட்டா யாருப்பா அவங்களை வரவேற்கிறது? பேசுங்க,” என்றாள்.

எசெதாவின் கத்தி அப்படியே நின்றது.

சேயுமாலோ வானமும் கடலும் பிரிந்த நாளிலிருந்து ஆரம்பித்தார். தீவுகள் முளைத்தன. தலைவர்கள் பிறந்தார்கள். ஜில்லியன் புன்னகை மாறாமல் எதையோ குறித்துக்கொண்டே இருந்தார். சேயுமாலோவின் பாட்டனார் புயலில் படகேறும்போது அரை மணியில் பாதி கரைந்திருந்தது.

லோசா மெல்லச் சொன்னாள். “அப்பா, விருந்தாளி பதில் சொல்லணுமே. சேயுமாலோ வீட்டுல விருந்தாளிக்குப் பேச இடம் குடுக்கலைன்னு நாளைக்கு நாலு பேர் சொன்னா…”

பாட்டனார் நடுக்கடலில் நின்றார். விருந்தாளி பேசும்போது வீட்டுக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. ஊரில் யாராவது அந்த முறையை மீறினால் முதலில் குதிப்பவர் இவர்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

ஜில்லியன் ஒரே வரியில் நன்றி சொன்னார். பயிற்சி போதாது என்று சேயுமாலோ உச்சுக்கொட்டினார்.

லோசா படகுத்துறையில் வரிசையை எப்படிக் குறைப்பது என்று விளக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்தில் அப்பா குறுக்கே வந்தார். பன்றியோடு வருகிறவனுக்குத் தனி வரிசை, தலைவர்களுக்கு வரிசையே கூடாது என்று சாமரத்தை எடுத்துச் சுழற்றினார்.

“அப்பா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? வேற யார் பிடிச்சாலும் படம் ஆடுது. மணிக்கணக்கா அசையாம நிக்கிறது இந்த ஊர்ல உங்களுக்குத்தான் வரும்.”

அது உண்மைதான் என்பதுபோல் அவர் செல்போனை வாங்கி, இரண்டு கையாலும் மார்புக்கு நேரே பிடித்தார். சாமரம் தோளுக்குத் திரும்பியது. கையை வீசாமல் பேச அவருக்கு வராது.

வீட்டில் விழுந்த அமைதியில் கோழி ஒன்று மிரண்டு ஓடியது. சுவரில்லாத வீடு. எதிர்வீட்டுக்காரர், சேயுமாலோவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று எழுந்து வந்தே பார்த்தார்.

லோசா சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள். ஜில்லியன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தேர்ச்சி என்றார், வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் என்றார், திரையிலிருந்து மறைந்தார்.

“பார்த்தியா எசெதா? வரவேற்புரைன்னா அப்படி இருக்கணும்.” செல்போனை மகளிடம் கொடுத்துவிட்டு சேயுமாலோ தெருவுக்கு நடந்தார். எதிர்வீட்டுக்காரரிடம், “நாங்க பாஸ்,” என்று அவர் சொன்னது வீட்டுக்குள் கேட்டது. பாட்டனாரின் படகும் நின்ற இடத்திலிருந்து மறுபடி புறப்பட்டது.

எசெதா மகளின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். “ஏன்டி, அவரைப் பேச விடலாமா? எனக்கு உயிரே போச்சு. படகு வரிசையைப் பத்தி நீ சொன்னது நாலு வார்த்தை. அதுக்கா இவ்வளவு மார்க்கு?”

“படகு வரிசைக்கு மார்க்கே கிடையாதும்மா. கடைசிப் பாடம் வேற. தான்தான் பெரிய ஆள்னு நினைக்கிறவங்களை மனசு நோகாம வழிக்குக் கொண்டுவர்றது. நிஜ ஆளை வச்சு, கேமரா முன்னாடி செஞ்சு காட்டணும்.”

எசெதா தெருவைப் பார்த்தாள். அங்கே புயல் வலுத்துக்கொண்டிருந்தது.

“மத்தவங்கல்லாம் ஆபீஸ் மேனேஜரு, மாமியாருன்னு சின்ன ஆளுங்களா பிடிச்சாங்க,” என்றாள் லோசா, தலையை நிமிர்த்தி. “போன வாரம் அப்பாவைப் பத்திச் சொன்னதும், தேர்வுக்கு இவ்வளவு கஷ்டமான ஆள் வேண்டாமேன்னு டீச்சரே பயந்தாங்க. வச்சா எங்கப்பாவைத்தான் வைப்பேன்னுட்டேன்.”