காக்கை போட்ட வழக்கு

தன் கூட்டில் திருட்டுத்தனமாய் முட்டையிட்ட குயில்மேல் வழக்குப் போடத்தான் காக்கை சட்டக் கல்லூரியில் சேர்ந்தது. பார்த்தால், குயிலும் அதே வகுப்பில்!

"குரல் போதாதாம், பட்டமும் வேணுமாம்" என்று காக்கைக்கு வயிறு எரிந்தது.

மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு இந்த முட்டை வழக்கையே எடுத்த ஆந்தை வாத்தியார், கட்சியை மட்டும் மாற்றிவிட்டார். காக்கைக்காகக் குயில் வாதாட வேண்டும், குயிலுக்காகக் காக்கை.

"ஊட்டி வளர்த்த குஞ்சு ஒருநாள் வேறு குரலில் கூவினால், வளர்த்த மனம் என்ன பாடுபடும்?" என்று குயில் கேட்டபோது வகுப்பே கண்ணைத் துடைத்துக்கொண்டது. காக்கைக்குப் பொறாமை பொங்கியது. என் துக்கம் என் வாயில் இப்படி வரவில்லையே!

பரிசையாவது விடக்கூடாது என்று எழுந்தது. "கூடு கட்டத் தெரியாமல் பிறந்தது குயிலின் குற்றமா?" என்று முழங்கியது. பரிசு காக்கைக்கே கிடைத்தது.

வெளியே வந்ததும் குயில் கேட்டது: "அக்கா, இனியும் என்மேல வழக்குப் போடுவியா?"

"போடாம விடுவேனா? ஆனா எனக்கு வக்கீல் நீதான்டி."